நீதிபதிக்கு எந்தத் திரை?

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நார்வார்த்தே பகுதியில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்த டோன் எவரிஸ்தோவின் ஸ்டுடியோவில் நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் அமர்ந்திருந்த விதம் வருமாறு.

அங்கிருந்த ஒரே தோல் நாற்காலியில் நடிகர்களின் ஏஜென்ட் உகார்தே. அவரை எல்லோரும் லிசென்சியாதோ என்றே கூப்பிடுவார்கள். பட்டம் வாங்கியவர் என்று பொருள். எந்தப் பட்டம், எங்கே வாங்கியது என்று இருபது வருடமாக யாரும் கேட்டதில்லை. டை கட்டியவரிடம் அதைக் கேட்பது மெக்சிகோ நகரத்தில் மரியாதைக் குறைவு. ஜன்னலோரம் கவிழ்த்துப் போட்ட குளிர்பானப் பெட்டியின் மேல் புகைப்படக்காரர் டோன் எவரிஸ்தோ. டோன் என்பது ஆணுக்கும் டோன்யா என்பது பெண்ணுக்கும் மரியாதை. மேக்கப் மேசையின் மேலேயே, பவுடர் டப்பாக்களுக்கு நடுவில் சாயோ. ஒப்பனைக்காரி. அவளுடைய மகளுக்கு ஓத்தீலியா ஞானத்தாய் ஆன வகையில் இருவரும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே; உறவைவிட ஒரு படி மேல்.

நான்காவது ஆள் ஓத்தீலியா கான்சேகோ. அவள் நின்றுகொண்டிருந்தாள். படம் எடுக்கப்போவது அவளைத்தான் என்றாலும், அவளை உட்காரச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. இருபத்து மூன்று வருடமாகத் தொலைக்காட்சித் தொடர்களில் வேலைக்காரியாக நடித்தவள். முப்பத்தொரு வீடுகளில் வேலை பார்த்திருக்கிறாள். அதில் பதினேழு வீடுகளில் அவள் பெயர் லூப்பே. மற்ற வீடுகளில் பெயரே இல்லை. "அம்மா, போன் வந்திருக்கு", "அம்மா, சின்னவரு வந்துட்டாரு", "அம்மா, மயக்கம் போட்டுட்டாங்க" என்ற மூன்று வசனங்களையும் அவள் அளவுக்கு அனுபவித்துச் சொல்ல நாட்டில் வேறு ஆள் கிடையாது. ஒரு முறை ஏழு வரி வசனம் கிடைத்தது. அந்த இடத்தில் சோப்பு விளம்பரம் போட்டார்கள்.

இப்போது சேனல் கேன்டீன் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். புதுத் தொடருக்கு ஒரு நீதிபதி வேண்டும். பெண். வயது நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து. உறுதியான முகம், தெளிவான குரல். ஒரே ஒரு படம் அனுப்ப வேண்டும். முகம் மட்டும், கறுப்பு வெள்ளை, வேடம் கூடாது. தபால் முத்திரை இந்த வியாழக்கிழமையைத் தாண்டியிருக்கக் கூடாது. ஓத்தீலியா அதை மூன்று தடவை படித்தாள். நாற்பத்தெட்டு வயதில் முதன்முதலாக ஒரு வேடத்தைத் தானே கேட்பது என்று முடிவெடுத்தாள். தேர்வு அலுவலகத்தில் உறை உறையாகக் கொட்டி மேசையில் பரப்புவார்களாம். ஒரு முகத்துக்கு மூன்று நொடியாம். அந்த மூன்று நொடியில் நீதிபதி தெரிய வேண்டும். லூப்பே தெரிந்தால் முப்பத்திரண்டாவது வீடு.

"தோல் கலர் எதுவும் சொல்லலயே, லிசென்சியாதோ. நல்லாப் பார்த்தேன்," என்றாள்.

"சொல்ல வேண்டியதே இல்லைன்னுதான் சொல்லல, டோன்யா ஓத்தீலியா," என்றார் உகார்தே. "பத்திரிகைல 'தோற்றப் பொலிவு உள்ளவர் தேவை'ன்னு போடுறானே, அதுக்கு என்ன அர்த்தம்? பல்லு விளக்கிட்டு வரணும்னா?"

முதல் அலுவல், பின்னணித் திரை. டோன் எவரிஸ்தோவிடம் நான்கு காகிதச் சுருள்களும் ஒரு துணித்திரையும் இருந்தன. இருபத்தெட்டு வருட ஆராய்ச்சியில் அவர் கண்டுபிடித்த சாஸ்திரம் இது: வெள்ளை என்றால் பற்பசை விளம்பர மனைவி. ஒயின் சிவப்பு என்றால் அடுத்தவள் புருஷனை மடக்குகிறவள். பாட்டில் பச்சை என்றால் தாய், அதிலும் பாதிரியாரைப் பெற்ற தாய். மண் நிறம் என்றால் வேலைக்காரி. துணித்திரையில் புத்தக அலமாரி வரைந்திருந்தது. டாக்டர், வக்கீல், மந்திரி ஆகியோருக்கு அது. வரைந்தவர் தெருமுனைச் சாண்ட்விச் கடைக்குப் போர்டு எழுதுகிறவர். எல்லாப் புத்தகத்தின் முதுகிலும் 'தொகுதி 4' என்று எழுதிவிட்டார். மற்ற மூன்று தொகுதிகளைப் பற்றி இதுவரை எந்த மந்திரியும் விசாரித்ததில்லை.

"வெள்ளைதான். பின்னால வெள்ளை அடிச்சா முகமும் ஒரு சுத்து வெளுக்கும்," என்றார் உகார்தே.

"நீதிபதியைப் பற்பசைக்கு முன்னால நிறுத்துவாங்களா? அலமாரிதான்," என்றார் டோன் எவரிஸ்தோ.

"பச்சை வைங்க. நீதிபதின்னா ஊருக்கே அம்மா மாதிரி இல்லையா?" என்றாள் சாயோ.

"உங்க ஊரு நீதிபதி யாரையாவது பார்த்திருக்கியா நீ?" என்றார் உகார்தே.

"என் புருஷன் ஜீவனாம்ச கேஸ்ல பார்த்தேன். அது அம்மா இல்லதான். மாமியார்."

"அப்ப சிவப்பு."

"சிவப்பா! கொமாத்ரே கன்னத்தைப் பார்த்துட்டு சிவப்புன்னு சொல்றீங்களே, கண்ணு இருக்கா?"

இப்படியாக ஒரு மணி நேரம் இருபது நிமிடம் நடந்தது. ஒவ்வொரு சுருளும் இறக்கப்பட்டது, ஏற்றப்பட்டது, பாதி இறக்கிவைத்து தூரத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கப்பட்டது. ஒயின் சிவப்பிலேயே இன்னும் கொஞ்சம் பழுத்த ஒயின் கிடைக்குமா என்று உகார்தே கேட்டார். கிடைக்கும், ஆனால் செவ்வாய்க்கிழமைதான் என்றார் டோன் எவரிஸ்தோ. சாயோ பச்சைக்காக ஏறக்குறைய அழுதாள்.

ஓத்தீலியா மெதுவாகத் தொண்டையைச் செருமினாள். "டோன் எவரிஸ்தோ, படம் கறுப்பு வெள்ளைதானே?"

கீழே பல் மருத்துவர் யாருக்கோ துளை போடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"ஆமா," என்றார் டோன் எவரிஸ்தோ. "ஆனா கலர் கேமராவுக்கு இல்ல, டோன்யா. உங்களுக்கு. பின்னால என்ன கலர் இருக்குன்னு முதுகுக்குத் தெரியும். முதுகு முகத்துக்குச் சொல்லும்."

இவ்வளவு விஷயம் தெரிந்த முதுகைப் பெற்றிருந்தும் ஓத்தீலியா அதை வெறுமனே நிற்பதற்குத்தான் இத்தனை நாள் பயன்படுத்தியிருந்தாள். சரி என்று தலையாட்டினாள். உகார்தே முன்பணம் கொடுத்தவர் என்ற முறையில் வெள்ளை ஜெயித்தது.

அடுத்து வெளிச்சம். இதில் உகார்தேவுக்குச் சந்தேகமே இல்லை. "எல்லா விளக்கையும் நேரா மூஞ்சிக்கு அடி. லென்ஸை நல்லாத் திற. சாயோ, நீ பவுடர்ல ரெண்டு நம்பர் ஏத்து."

சாயோ மூன்று நம்பர் ஏற்றினாள். டோன் எவரிஸ்தோ இரண்டு குடைவிளக்குகளை முன்னால் இழுத்து வைத்து, மூன்றாவதை மேலே தொங்கவிட்டு, ஒத்திகைக்காக உடனே வெளிவரும் படம் ஒன்றை எடுத்தார். நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். மக்காச்சோள மாவில் இரண்டு கறுப்பு பீன்ஸ் பதித்த மாதிரி இருந்தது. மூக்கு இருந்ததற்கு அடையாளமாக இரண்டு துளைகள். கழுத்தோடு முகம் முடிகிற இடத்தில் மாவும் மண்ணும் சந்தித்த ஒரு எல்லைக்கோடு.

"அருமை!" என்று கை தட்டினார் உகார்தே. "இதுதான்யா லத்தீனோ இன்டர்நேஷனல்!"

லத்தீன் அமெரிக்காவின் எந்தத் தெருவிலும் எதிர்ப்படாத லத்தீன் அமெரிக்க முகத்துக்கு விளம்பரக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஓத்தீலியாவின் சந்தைக்காரன் தினமும், "வாங்க வெள்ளைக்காரம்மா, தக்காளி பாருங்க" என்றுதான் கூப்பிடுவான். எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவான், கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைக்கிறவன். இப்போது உகார்தேவும் அதே குரலில் பேசியதாக அவளுக்குப் பட்டது.

"இது யாரு, லிசென்சியாதோ?"

"நீங்கதான்."

"நேர்காணலுக்குக் கூப்பிட்டா யாரு போறது? இவங்களா, நானா?"

"கூப்பிடட்டும் மொதல்ல. போறதைப் பத்திப் பிறகு பேசலாம்."

"கதவைத் திறந்ததும், 'காபி அப்புறம் கொண்டாம்மா'ன்னு சொல்லுவாங்க. பேச வேண்டியிருக்காது."

சாயோ களுக்கென்று சிரித்து, மேசையிலிருந்து ஒரு டப்பாவைத் தள்ளிவிட்டாள். டோன் எவரிஸ்தோவின் முறை வந்தது. புத்தக அலமாரி இறங்கியது. தொகுதி நான்குகளுக்கு முன்னால் ஓத்தீலியா போய் நின்றாள். "கண்டிப்பா முறைங்க. தீர்ப்பு சொல்ற மாதிரி," என்றார் அவர். அவள் முறைத்தாள். படம் வந்தது. சாயோ அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"சொல்லுடி."

"கோவிச்சுக்காதீங்க கொமாத்ரே. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கையில ஒரு தூசித் துணிதான் குறையுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஓத்தீலியாவும் சேர்ந்துதான் சிரித்தாள். பிறகு படத்தை வாங்கிப் பார்த்தாள். கை படத்தில் இல்லை. மார்புக்கு மேல்தான் எடுத்திருந்தார். ஆனால் கீழே கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி நிற்பதைத் தோள் இரண்டும் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தன. முகவாய் ஒரு விரலளவு தாழ்ந்திருந்தது. முறைக்கிற கண்கூட, "அம்மா, இந்த அலமாரியை இன்னைக்கே துடைக்கணுமா?" என்று முறைத்தது. திரையையும் விளக்கையும் பழி சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நின்றது அவள்.

நிற்பது. அவள் அந்தச் சொல்லிலேயே நின்றாள். இருபத்து மூன்று வருடத்தில் திரையில் ஒரு முறைகூட அவள் உட்கார்ந்ததில்லை. வேலைக்காரிகள் உட்காருவதில்லை. கேமராவுக்கு முன்னால் அவள் உட்கார்ந்ததெல்லாம் கேமரா ஓடாத நேரத்தில்தான். கதாநாயகி மேக்கப் அறையில் இருக்கும்போது அந்த நாற்காலியில் யாரையாவது உட்காரவைத்து வெளிச்சம் பார்க்க வேண்டும். யார் சும்மா நிற்கிறார்கள்? லூப்பே. "லூப்பே, கொஞ்சம் அம்மா சேர்ல உக்காரு." ஒரு மணி நேரம் அவளை வைத்து விளக்குகளை நகர்த்துவார்கள். பக்கத்தில் இருக்கும் சின்னத் திரையில் அவளுக்கே அவளைத் தெரியும். ஒவ்வொரு விளக்கும் எங்கே வந்தால் அந்தப் பெண்மணி எழுந்து வருகிறாள், எங்கே போனால் அமிழ்ந்துபோகிறாள் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அப்புறம் கதாநாயகி வருவார். "அம்மா வெளுப்பு. எல்லாத்தையும் ஒரு படி இறக்குங்கப்பா," என்பார் ஒளிப்பதிவாளர். ஓத்தீலியா எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு கதவோரம் போய் நிற்பாள்.

"லிசென்சியாதோ, கொஞ்சம் எந்திரிங்க," என்றாள்.

உகார்தே தனக்குப் பின்னால் வேறு யாரோ இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்தார். அவள் தோல் நாற்காலியைத் தானே இழுத்து நடுவில் போட்டு, அதில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கைப்பிடிகளில் வைத்தாள்.

"அந்த மண் கலர் பேப்பரை இறக்குங்க, டோன் எவரிஸ்தோ. என் முதுகுக்கு ஒட்டி வேண்டாம். நல்லா பின்னால, ஆறடி தள்ளி."

"மண் கலரு வேலைக்காரிக்கு, டோன்யா."

"படத்துல அது சாம்பல் கலருதானே? முன்னாடி இருக்கிற ரெண்டு விளக்கையும் அணைங்க. மேல தொங்கறதையும். பெரிய குடை ஒண்ணு மட்டும் எனக்கு இடது பக்கம், கிட்ட, இன்னும் கிட்ட. கண்ணு உசரத்துக்குக் கொஞ்சம் மேல. வலது பக்கம் ஒரு வெள்ளை அட்டை போதும். அப்புறம் பின்னால பேப்பர் மேல ஒரு சின்ன விளக்கு, எனக்கு இருட்டா இருக்கிற பக்கமாப் பார்த்து. இல்லன்னா தோளு பேப்பரோட போயிடும்."

டோன் எவரிஸ்தோவின் மீசை துடித்தது. "இருபத்தெட்டு வருஷமா நான் விளக்கு வெக்கிறேன்."

"இருபது வருஷமா நான் அந்த விளக்குக்கு உக்காந்திருக்கேன். கதாநாயகி வர்ற வரைக்கும் அந்த சேர்ல யாருன்னு நினைச்சீங்க?"

"மண்ணுல மண்ணைப் போட்டா என்ன தெரியும்?" என்று உகார்தே அறைக்கு நடுவில் நின்றபடி புலம்பினார். உட்கார இடம் தேடி, கடைசியில் குளிர்பானப் பெட்டியில் அமர்ந்தார்.

ஓத்தீலியா கைக்குட்டையை எடுத்து முகத்துப் பவுடரை அழுந்தத் துடைத்தாள். மூன்று நம்பரும் கைக்குட்டைக்கு வந்தன. சாயோ தன் சொந்தப் பிள்ளையை யாரோ அடித்ததுபோல் பதறினாள். "ஐயோ கொமாத்ரே, மினுமினுன்னு இருக்கே!"

"இருக்கட்டும். அந்த மினுமினுப்புலதான் வெளிச்சம் வந்து உக்காரும். பவுடர் போட்டா அது உக்கார இடமே இல்லாமப் பண்ணிடுது. மூக்கு நுனியில மட்டும் ஒத்து."

விளக்கு நகர்ந்தது. கன்ன எலும்பில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, தோல் அந்தச் சூட்டை அறிந்திருந்தது. முகவாய் தானாக எழுந்தது. அவள் யாரையும் முறைக்கவில்லை. குளிர்பானப் பெட்டியில் இருந்தவரைச் சும்மா பார்த்தாள், அவர் பேசி முடிக்கட்டும் என்பதுபோல்.

படம் வந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் அதனதன் இடத்தில், கறுப்பு வெள்ளையிலும் அதனதன் நிறத்தில் இருந்தன. அவளிடம் யாராவது காபி கேட்டால், கேட்டவரின் முகவரியை எழுதிக்கொள்வாள் போலிருந்தது. உகார்தே தன்னையறியாமல் கையிலிருந்த சிகரெட்டை அணைத்து, டையைச் சரிசெய்தார். எந்தப் பட்டம் என்று இந்த அம்மாள் கேட்டுவிடுவாளோ என்று பயந்தவர் மாதிரி இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன், மண் கலருன்னு," என்றார் டோன் எவரிஸ்தோ.

அதே வெளிச்சத்தில் நல்ல பிலிமில் பன்னிரண்டு படங்கள் எடுத்தார். குளியலறைதான் அவருடைய இருட்டறை. மதியச் சாண்ட்விச்சுகள் தீர்வதற்குள் பெரிய தாளில் படம் கழுவி வந்துவிட்டது. சாயோ முடி உலர்த்தும் கருவியால் அதை உலர்த்தினாள். உகார்தே தட்டச்சுப்பொறியை மடியில் வைத்துக்கொண்டு கடிதத்தையும், படத்தின் முதுகில் ஒட்டவேண்டிய துண்டுச் சீட்டையும் அடித்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"டோன்யா ஓத்தீலியா, இந்தப் படம் ஒண்ணு போதும். உங்க வாழ்க்கையே மாறப்போகுது. இதை வெச்சு உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போறேன் பாருங்க!"

துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் பெயர், உயரம், வயது எல்லாம் சரியாக இருந்தன. கடைசி வரியில், 'கோரும் வேடம்: வீட்டு வேலையாட்களின் தலைவி. வசதிப்பட்டால் நீதிபதி' என்றிருந்தது.

"இது என்ன?"

"அதே தொடர்ல அதுவும் இருக்கு. பெரிய மாளிகை. ஒன்பது வேலைக்காரிங்க. ஒன்பது பேரையும் மேய்க்கிற தலைமை! நீங்க அடுத்தவங்களை அதட்டலாம். அறுபது எபிசோடு, டோன்யா. பேர் வேற இருக்கு. எதுவிகேஸ்! எழுத்து ஓடும்போது உங்க பேருக்குப் பக்கத்துல அது வரும். இடுப்புல சாவிக்கொத்து."

"நான் நீதிபதிக்குத்தான் கேக்கறேன்."

"ஒரு ஆளுக்கு ஒரு வேடம்தான்னு ரூல். மொதல்ல எழுதினதைத்தான் பார்ப்பாங்க. நீதிபதின்னு மட்டும் எழுதினீங்கன்னா எதுவிகேஸ் இன்னொருத்திக்குப் போயிடும். தேர்வு அலுவலகத்துல எனக்குத் தெரிஞ்சவன் சொன்னான், உங்களுக்குன்னா அது உறுதின்னு. இதை விட்டுட்டு வராததைப் பிடிக்கப் போறீங்களா?"

ஓத்தீலியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அறுபது எபிசோடு என்றால் ஒரு வருடம் நிம்மதி. பெயர் வேறு. இருபத்து மூன்று வருடத்தில் லூப்பே அல்லாத ஒரு பெயர். சாயோ உலர்த்தியை அணைத்தாள்.

"வாங்கிக்கோங்க கொமாத்ரே," என்றாள் மெல்ல. "சாவிக்கொத்து ஒண்ணும் கெட்டது இல்ல. அடுத்த வருஷம் நீதிபதி கேக்கலாம்."

"அடுத்த வருஷம் ஒன்பது பேருக்குத் தலைவின்னு தெரிஞ்சுபோயிருக்கும். அப்புறம் பன்னண்டு பேருக்குத் தலைவியாக் கூப்பிடுவாங்க," என்றாள் ஓத்தீலியா.

படம் மேசையில் கிடந்தது. அவள் அதை எடுத்து, கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது.

"லிசென்சியாதோ, நீங்களே வேணா இந்த அம்மாகிட்ட சாவிக்கொத்தைக் குடுத்துப் பாருங்க. எனக்குப் பயமா இருக்கு."

உகார்தே படத்தைப் பார்த்தார். வேறு பக்கம் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"சீட்டு திரும்ப அடிக்கணும்," என்றார் எரிச்சலோடு. "ரிப்பன் மங்கிப்போச்சு."

"மங்கலா இருந்தாப் பரவாயில்ல. ஒரு வார்த்தைதானே."

அவர் அடித்தார். 'நீதிபதி' என்ற ஒரு சொல்லில் மூன்று பிழை விட்டார். டோன் எவரிஸ்தோ ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார், சீட்டு நான்கு தடவை மாறியது. கடிதத்திலும் அந்த வரி மாறியது. ஏஜென்ட் என்ற இடத்தில் உகார்தே கையெழுத்திடும்போது, நாளைக்கு யாராவது கேட்டால் நடிகையின் பிடிவாதம் என்று சொல்வேன் என்றார். அதையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள், நீதிபதிக்குப் பொருத்தமாக இருக்கும் என்றாள் சாயோ.

மணி நாலே கால். ஓத்தீலியா யாரையும் உடன் அழைக்கவில்லை. படம் வளையாதிருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, கடிதத்தோடு உறையில் போட்டுக்கொண்டு நான்கு தெரு நடந்தாள். தபால் நிலையத்தில் மூன்று பேருக்குப் பின்னால் நின்றாள். இந்த வரிசையில் எல்லோரும்தான் நின்றார்கள். தன் முறை நெருங்கியதும் உறையை மேடையில் வைத்து, படத்தைக் கடைசியாக ஒரு முறை பாதி வெளியே இழுத்துப் பார்த்தாள். உள்ளே தள்ளினாள். உறையின் கோந்து வழக்கம்போல் ஒட்டவில்லை. அங்கே கயிற்றில் கட்டித் தொங்கிய பசைக்குப்பியிலிருந்து தாராளமாகத் தடவி, உள்ளங்கையால் நாலு பக்கமும் அழுத்தினாள். மேலே பெரிய எழுத்தில், 'மடிக்கக் கூடாது' என்று எழுதினாள்.

"பதிவுத் தபாலா, சாதாவா, சென்யோரா?" என்றான் ஜன்னலுக்குள் இருந்தவன்.

"பதிவு. இன்னைக்குத் தேதி நல்லாத் தெரியணும்."

அவன் இரண்டு முத்திரை குத்தினான். ரசீதைக் கிழித்துத் தந்தான். உறையின் மேல் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தான்.

"மடிக்க மாட்டோம், சென்யோரா. தூக்கித்தான் போடுவோம்," என்று சொல்லி, பின்னால் திறந்து கிடந்த சாக்குக்குள் அதைத் தூக்கிப் போட்டான்.